ஆற்றில் பொறுக்கிய கல்லில் சில்லு பெயர்க்கத் தேறுவது எது?

புதுக்கை:
பாட்டிலின் அடிக்கண்ணாடியில் சில்லு பெயர்த்துப் பழகி, சுமாரான அம்புமுனை வருகிறது. இனி கல்லுக்கு மாறலாம் என்று ஆற்றுப்படுகையில் மூன்று வகை பொறுக்கி வைத்திருக்கிறேன்.

1) பால் வெள்ளை, அங்கங்கே பளபளப்பு. அடித்தால் கட்டிகட்டியாக உடைகிறது.
2) கருப்பு, நல்ல கனம். மேலே ஊசியால் குத்தியது போலச் சின்ன ஓட்டைகள்.
3) வெளியே சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் தோல். ஓரம் உடைந்த இடத்தில் தேன் நிறம், மெழுகு தடவியது போல மங்கலான மினுப்பு.

எது தேறும்? அடுத்த முறை போகும்போது சுமந்து வருவதற்கு முன்பே அங்கேயே பார்த்துத் தள்ளிவிட வழி உண்டா? எங்கே தேடுவது?

பாறைப்பித்து:
மூன்றாவதை வைத்துக்கொள்ளுங்கள். அது செர்ட் போலத் தெரிகிறது. சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பங்காளி. அதன் படிகங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. அதனால் அடியின் விசை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும், கண்ணாடியைப் போலவே உடையும்.

முதலாவது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். கடினத்தில் குறையே இல்லை. ஆனால் பெரிய படிகங்கள், இடையிடையே பழைய விரிசல்கள். விசை அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், நீங்கள் நினைத்த பக்கம் வராது. இரண்டாவது பசால்ட். எரிமலைக் குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிகள்தான் அந்த ஓட்டைகள். சில்லு அங்கே வந்ததும் முறியும். ஓட்டையும் புள்ளியும் இல்லாத நுண்ணிய பசால்ட் கிடைத்தால் விடாதீர்கள், கைக்கோடரிக்கு அருமையான கல். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்காலக் கருவிகளில் பசால்ட் உண்டு.

படுகையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்:

நீர். கல்லை நனைத்து வெயிலில் வையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் தலைமுடி போல ஓர் ஈரக்கோடு கறுப்பாக நின்றால் அது விரிசல். உள்ளே புகுந்த நீர் மெதுவாகத்தான் காயும். அந்தக் கோட்டில் கல் ஒருநாள் உடைந்தே தீரும், அதுவும் முனை முக்கால்வாசி முடிந்த நேரமாகப் பார்த்து.

ஒலி. கல்லை விரல்நுனிகளில் தாங்குங்கள். உள்ளங்கையில் பொத்தினால் ஒலி அமுங்கிவிடும். சின்னக் கூழாங்கல்லால் தட்டினால் பீங்கான் கோப்பை போல 'ணங்' என வேண்டும். 'தொப்' என்றால் கீழே போடுங்கள்.

கீறல். சாதாரணக் கத்திமுனை கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 5.5 பக்கம், செர்ட் 6.5 முதல் 7. கத்தி செர்ட்டில் பள்ளம் போடாது. இரும்புதான் பென்சில் கோடு மாதிரி கல்மேல் படியும். அதைக் கீறல் என்று நினைத்து நல்ல கல்லைத் தூக்கி எறிபவர்கள் அதிகம். நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படாது. வெள்ளைப் பொடி உதிர்ந்து பள்ளம் விழுந்தால் சுண்ணாம்புக்கல். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். இதைக் கல்லின் வெளித்தோலில் செய்யாதீர்கள். நல்ல செர்ட்டின் தோலிலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கலாம், அது நுரைத்து ஏமாற்றும். உடைந்த உள்முகத்தில் விடுங்கள்.

கடைசியாக ஒரு சில்லு. மேலே சொன்னதெல்லாம் வடிகட்டத்தான், தீர்ப்பு இதில்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, 300–500 கிராம் முட்டைவடிவக் கூழாங்கல்லால், 90 டிகிரிக்குக் குறைவான கோணமுள்ள விளிம்பில் 5–10 மி.மீ உள்ளே தள்ளி அடியுங்கள். சில்லின் உள்முகத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே மெல்லிய மேடும், அங்கிருந்து குளத்து அலை போல வளையங்களும் தெரிய வேண்டும். ஓரம் காகிதமாக மெலிந்து முடிந்தால் பையில் போடுங்கள்.

ஓடைக்கரை:
எங்கே தேடுவது என்பதற்கு: செர்ட் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைக்குள் கட்டியாகவோ பட்டையாகவோ இருக்கும். சுண்ணாம்பு மழையில் கரைந்து போகும், செர்ட் கரையாமல் மிஞ்சிச் சரிவின் அடியிலும் ஓடையிலும் சேரும். ஆகவே படுகையில் கிடைத்த கல்லை வைத்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக நடங்கள். கற்கள் பெரிதாகி, முனை மழுங்காமல் இருந்தால் மூலத்தை நெருங்குகிறீர்கள். சட்டென்று ஒன்றுகூட இல்லாமல் போனால் தாண்டிவிட்டீர்கள். திரும்பி வந்து இரு கரையையும், இடையில் வந்து சேரும் சிற்றோடையையும் பாருங்கள்.

ஆற்றுக்கல்லில் ஒரு வசதி, ஆறே பாதி சோதனையை முடித்துவிடுகிறது. விரிசல் கல் வழியிலேயே உடைந்திருக்கும். மிஞ்சியதன் மேல் நகக்குறி போலப் பிறைவடுக்கள் இருக்கும். ஒவ்வொரு வடுவுக்குக் கீழும் சில மி.மீ ஆழத்துக்குக் கூம்பு வடிவ வெடிப்பு உண்டு, ஆகவே மேல்தோலை முழுக்கப் பெயர்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வெட்டவெளியில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்து கிடந்த கல்லைவிட மண்ணுக்குள்ளிருந்து அண்மையில் வெளிப்பட்டது மேல்.

பசால்ட் குழிகளில் செர்ட்டைப் போலவே நுண்படிகக் கற்களான அகேட், சால்செடனி கிடைக்கும், பெரும்பாலும் சிறு அளவில். அப்சிடியன் எரிமலைக் கண்ணாடி. காலம் போகப் போக அது படிகமாக மாறிவிடும் என்பதால் மிகப் பழைய பாறைப் பகுதிகளில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே கருப்புக் கண்ணாடிக் கட்டி, உள்ளே குமிழி என்றால் உலைக்கசடாக இருக்கலாம்.

ஓரிடத்தில் மேடும் வளையமும் உள்ள சில்லுகள் குவியலாகக் கிடந்தால் அது பழங்காலப் பட்டறையாக இருக்கக்கூடும். ஒன்றையும் எடுக்காதீர்கள், கலைக்காதீர்கள். உங்கள் கழிவையும் அங்கே கொட்டாதீர்கள்.

மணல்மேடு:
குவார்ட்சைட்டை யாரும் சொல்லவில்லையே. மணற்கல்லின் மணிகள் இறுகி ஒன்றாகப் பிணைந்த கல் அது. உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். உடைப்பு மணிகளை ஊடறுத்துப் போனால் குவார்ட்சைட், மணிகளைச் சுற்றிப் போனால் மணற்கல். மணற்கல் உப்புக்காகிதம் போல உறுத்தும், தேய்த்தால் மணி உதிரும். குவார்ட்சைட்டுக்கு முக்கால் கிலோவாவது உள்ள சுத்தியல் கல் வேண்டும். அம்புமுனைக்கு மல்லுக்கட்டாதீர்கள், கைக்கோடரி, வெட்டுக்கருவி செய்யலாம்.

புதுக்கை:
மூன்றாவது கல் 'ணங்' என்றது, கத்தியும் கீறவில்லை. ஆனால் சில்லு பாதியில் படிக்கட்டு போல முறிகிறது. தேன் நிறத்துக்கு நடுவே சாம்பலாக, சொரசொரப்பாக ஒரு திட்டு இருக்கிறது. சூடேற்றினால் சரியாகுமா?

உலைவாய்:
திட்டு சரியாகாது. அங்கே சிலிக்கா, அதாவது செர்ட்டை ஆக்கும் பொருள், முழுதாக ஏறவில்லை. அதை ஒதுக்கி, சுற்றியுள்ள நல்ல பகுதியில் சில்லு எடுங்கள். முறிவு திட்டில் மட்டும்தானா என்று பாருங்கள். தேன் நிறப் பகுதியிலும் முறிந்தால் கல்லைக் குறை சொல்ல முடியாது: அடி வலு போதவில்லை, அல்லது கோணம் 90-ஐ ஒட்டிவிட்டது, அல்லது விளிம்பைத் தேய்க்கவில்லை. கூரான விளிம்பு விசையைக் கல்லுக்குள் அனுப்பும் முன்பே நொறுங்கிவிடும். ஒவ்வொரு அடிக்கு முன்பும் மணற்கல்லால் விளிம்பை அழுத்தித் தேயுங்கள்.

சூடேற்றுவது, சில்லு எடுக்க முடிகிற ஆனால் முரண்டுபிடிக்கிற செர்ட்டுக்கு உதவும். முழுக்கல்லைப் போடாதீர்கள், 2 செ.மீ தடிமனுக்குள் உள்ள துண்டுகள் போதும். பாத்திரத்தில் காய்ந்த மணலுக்குள் புதைத்து, வெப்பக் கட்டுப்பாடுள்ள சூளையில் 100–120 டிகிரி செல்சியஸில் ஒரு முழு நாள் வையுங்கள், ஈரம் போக. பிறகு மணிக்கு 25–30 டிகிரியாக ஏற்றி, 250-இல் நான்கு மணி நேரம். தானாக ஆறட்டும், கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. ஒரு துண்டில் சில்லு எடுங்கள். பழைய முகம் மங்கலாகவே இருக்க, புது முகம் எண்ணெய் பூசியது போல மின்னினால் போதும். இல்லையென்றால் அடுத்த முறை 25 டிகிரி கூட்டுங்கள். பெரும்பாலான செர்ட் 200-க்கும் 350-க்கும் இடையில் மாறிவிடும். தேன் நிறம் சிவந்தால் பயப்படாதீர்கள், அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆகிறது.

அவசரப்பட்டு ஏற்றினால் வட்டமூடி போலச் சில்லுகள் தெறித்துக் குழி விழும். கூடுதலாகப் போனால் வலை போல நுண்விரிசல், அந்தக் கல் குப்பைக்குத்தான். நெருப்பில் நேரடியாகப் போடவே கூடாது, வெடித்துச் சிதறும். சூடேற்றிய கல்லுக்கு உறுதி குறைவு, ஆகவே கோடரிக்கு வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை: சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதற்கு மீட்சியில்லை. வெளியில், காற்று தூளை உங்களைவிட்டு அப்பால் கொண்டுபோகும்படி உட்காருங்கள். விளிம்பு தேய்ப்பதை நனைத்துச் செய்யுங்கள். தூளுக்கான முகக்கவசம் போடுங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. தொடைமேல் கனத்த தோல், கீழே ஒரு படுதா. முடிந்ததும் படுதாவைச் சுருட்டி எடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.