சூழலியல் பொருளாதாரத்தைக் காசில்லாமல் எல்லோருக்கும் கொண்டுபோக என்ன வழி?

கேட்டவர்: ஓரக்குறிப்பு

வணக்கம். வணிகவியல் படித்துவிட்டுக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். கொஞ்ச காலமாகச் சூழலியல் பொருளாதாரத்தில், அதாவது இயற்கையின் எல்லைக்குள் வைத்துப் பொருளாதாரத்தைப் பார்க்கும் துறையில், ஆர்வம். ஹெர்மன் டேலி, ஜார்ஜெஸ்கு-ரோகன், எலினார் ஆஸ்ட்ரம் என்று இதில் எழுதிய அறிஞர்களின் பெயர்கள் தெரியவந்தன. அவர்கள் எழுதியதைத் தேடிப் போனால் பாதி இடங்களில் பணம் கட்டச் சொல்கிறது. ஒரே ஒரு கட்டுரைக்குக் கேட்ட தொகையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் சேராதவர்கள் இந்தத் துறையை எட்டிப் பார்க்கவே கூடாதா?

என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் இணையத்தில் கூடிப் படித்து, படித்ததைத் தமிழில் பாடமாக்கிப் பொதுவில் வைக்கலாம் என்று யோசனை. எங்கே தொடங்குவது? யாருடைய அனுமதியாவது வேண்டுமா? ஆங்கிலம் சுமாராகப் படிப்போம். கணிதம் பத்தாம் வகுப்போடு சரி.

பதில் 1: சாம்பல்பூனை

காசில்லாமல் கிடைப்பதே நிறைய இருக்கிறது. பிரிட்டன் நிதி அமைச்சகம் கேட்டு பார்த்தா தாஸ்குப்தா எழுதிய பல்லுயிர்ப் பொருளாதார அறிக்கை 2021-இல் வந்தது. 600 பக்கம், பயப்படாதீர்கள், சுருக்கப் பதிப்பும் உண்டு. இயற்கை வளங்களையும் நாட்டுக் கணக்கோடு சேர்த்து எழுதும் ஐ.நா.வின் சூழல்-பொருளாதாரக் கணக்கு முறை நூல்களும் இலவசம்தான். கணக்கு எழுதுபவர் என்பதால் உங்களுக்கு அது பிடிக்கக்கூடும். பணம் கேட்கும் கட்டுரை என்றால் தலைப்பை அப்படியே தேடிப் பாருங்கள், பல நேரம் ஆசிரியரே தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கைப்பிரதியைப் போட்டு வைத்திருப்பார். அதுவும் இல்லையென்றால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் தட்டுங்கள். சந்தோஷமாக அனுப்புவார்கள்.

பதில் 2: வண்டல்

இந்தப் பாடத்தைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமம். தரவிறக்க விடுவது வேறு, மாற்றவும் மொழிபெயர்க்கவும் விடுவது வேறு. திறந்த கல்வி வளங்கள் பற்றி யுனெஸ்கோ 2019-இல் ஏற்ற பரிந்துரை இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. பொருளாதார ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் கோர் (CORE) குழுவின் பொருளாதாரப் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் முழுக்க இலவசம், சுற்றுச்சூழலுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பொதுவில் பகிர்வதற்கான ஆயத்த உரிமங்கள்) உரிமத்தில் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது என்று நிபந்தனை உண்டு. மொழிபெயர்ப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆக, அவர்களிடம் கேட்காமல் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கிப் பொதுவில் போட முடியாது. தாஸ்குப்தா அறிக்கை அப்படியல்ல. பிரிட்டன் அரசின் திறந்த உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், வேண்டியதை மட்டும் எடுக்கலாம். பிறரிடமிருந்து வாங்கிப் போட்ட படங்களைத் தொடாதீர்கள், அவ்வளவுதான். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. டேலி சொன்னதை உங்கள் நடையில் எழுதினால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

இனி எனக்கு முக்கியமான விஷயம். வாசிப்புப் பட்டியல் பாடம் ஆகாது. கட்டுரை படித்து மனம் மாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கணக்குப் போட்டு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இலவசப் பாடங்கள் பலவற்றில் இதுதான் குறை: காணொளி இருக்கும், பயிற்சி இருக்காது.

டேலியின் விதிகளில் முதலாவது, புதுப்பிக்கக்கூடிய வளத்தை அது மறுபடி வளரும் வேகத்துக்கு மேல் எடுக்காதே என்பது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் ஒரு விரிதாளைத் திறக்கச் சொல்லுங்கள், லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு மீன்வளம், அதிகபட்சம் 1000 டன் தாங்கும். இப்போது இருப்பு 500. வருட வளர்ச்சி = 0.4 × இருப்பு × (1 − இருப்பு/1000). 500-இல் இது சரியாக 100 டன். வருடத்துக்கு 110 டன் பிடிப்போம், பத்துதானே அதிகம்.

சூத்திரத்தைக் கீழே இழுத்துப் பாருங்கள். பத்து வருடம் கழித்து இருப்பு 387. யாரும் அலற மாட்டார்கள். பதினைந்தில் 293. இருபதில் 89. இருபத்தொன்றில் 12. அடுத்த வருடம் வளர்ச்சியையும் சேர்த்தால் கடலில் மொத்தமே 16 டன். இப்போது பிடிப்பு என்ற நெடுவரிசையை மட்டும் பாருங்கள்: இருபத்தொரு வருடமும் 110, 110, 110. மொத்த உள்நாட்டு உற்பத்தி பார்ப்பது இந்த நெடுவரிசையைத்தான். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதாத கணக்கரை நீங்கள் சும்மா விடுவீர்களா? பூனை சொன்ன ஐ.நா. கணக்கு முறை, 2012-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது, இந்த அருகலை, அதாவது வளம் குறைந்துபோவதை, வருமானத்திலிருந்து கழிக்க இடம் கொடுக்கிறது. அந்த நூலைத் திறக்க வேண்டிய நேரம் அப்போதுதான் வருகிறது, முதல் நாளில் அல்ல.

பத்தாம் வகுப்புக் கணிதம் தாராளம்.

பதில் 3: கடைசிபெஞ்ச்

நல்ல எண்ணம், ஆனால் ஒரு சந்தேகம். இலவச இணையப் பாடங்களில் சேருபவர்களில் பெரும்பாலானோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சான்றிதழும் இல்லை என்றால் யார் கடைசிவரை வருவார்? இன்னொன்று, இந்தத் துறைக்குள்ளேயே ஆயிரம் சண்டை. 1997-இல் ராபர்ட் காஸ்டான்சா என்ற சூழலியல் பொருளாதார அறிஞரும் மற்றவர்களும் இயற்கை ஒரு வருடத்தில் தரும் சேவைகளுக்கு சராசரி 33 டிரில்லியன் டாலர் என்று விலை போட்டார்கள். அன்றைய உலக மொத்த உற்பத்தி சுமார் 18 டிரில்லியன். விலை போடுவதே தப்பு என்பவர்களும் இதே துறையில்தான் இருக்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது பிரசாரம்.

வண்டல்:

சண்டையை மறைக்க வேண்டாம், பாடத்திலேயே வையுங்கள். அந்த 33 டிரில்லியன் ஒரு முழு வகுப்புக்குத் தாங்கும். உலகத்தின் மொத்த வருமானத்தைவிட அதிகமான தொகையை யார் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா உட்காரலாம், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். பாதியில் விடுவது பற்றி: தனியாகக் காணொளி பார்ப்பவர் விடுவார்தான். வாரம் ஒருநாள் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் அவ்வளவு சுலபமாக விட மாட்டார். சான்றிதழ் வேண்டுபவருக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

ஓரக்குறிப்பு:

மூவருக்கும் நன்றி. விரிதாளைப் போட்டுப் பார்த்தேன், வண்டல், நீங்கள் சொன்ன எண்கள் அப்படியே வந்தன. அப்புறம் வேறொன்று முயன்றேன். ஒரே ஒரு வருடம் 150 டன், பிறகு ஒழுங்காக 100 என்று வைத்தால் இருப்பு மீளவே இல்லை, மெல்ல மெல்லக் கரைந்து தீர்ந்துபோகிறது. 100 பாதுகாப்பானது என்றல்லவா நினைத்தேன்? நான் சூத்திரத்தில் எதையாவது விட்டுவிட்டேனா? இன்னொன்று, எங்கள் பாடத்துக்கு என்ன உரிமம் போடுவது?

வண்டல்:

சூத்திரம் சரி. 100 என்பது விளிம்பு, இந்த மீன்வளம் ஒரு வருடத்தில் வளரக்கூடிய உச்சம். ஒரு மோசமான வருடம் வந்தாலும் கீழே தள்ளிவிடும், அதனால்தான் உச்சபட்ச விளைச்சலையே இலக்காக வைப்பதை மீன்வள அறிஞர்கள் பலர் எதிர்க்கிறார்கள். 150-க்குப் பிறகு 90 என்று வைத்துப் பாருங்கள், ஏறிப் போய் 658 பக்கம் நிற்கும். நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியை அப்படியே இரண்டாம் வாரப் பயிற்சியாக வையுங்கள், விடையை எழுதாமல்.

உரிமத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற வகையோ, மாற்றியவர் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்கிற வகையோ போடுங்கள். நான் இரண்டாவதைப் போடுவேன். பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், திருத்தக்கூடிய கோப்பும் விரிதாளும் கூடவே இருக்கட்டும்.