சவரக்கத்தி: நுரையும் துருவும்

கேள்வி (வேளச்சேரி):
வணக்கம். மடக்குச் சவரக்கத்தியால் தினமும் காலையில் நிதானமாகச் சவரம் செய்துகொள்வது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு சரியாக நுரைப்பதில்லை. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரில் செய்த கார்பன் எஃகுக் கத்தியிலும் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில் (மயிலாப்பூர்):
நண்பரே, குறை சோப்பில் இல்லை, நீரின் கடினத்தன்மையில் இருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுவதால், நுரைக்கு வேண்டிய சோப்பு மிஞ்சுவதில்லை. நுரை கூட்டுவதற்கு மட்டும் ஒரு குவளை ஆர்ஓ நீரைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை அதில் நனைத்து உதறிச் சோப்பின் மேல் சுழற்றினால், தயிர் போலக் கெட்டியான, குமிழ் தெரியாத நுரை எழும். அது இல்லாமல் கத்தியை முகத்தில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதில் (திருவான்மியூர்):
கடற்கரையை ஒட்டிய என் வீட்டில் உப்புக் காற்று ஓயாது வீசும். சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, கைப்பிடி இடுக்கில் மெல்லிய துணியை நுழைத்து ஈரத்தை எடுத்து, ஒரு துளி மினரல் ஆயில் பூசி, குளியலறைக்கு வெளியே வைப்பதே என் வழக்கம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாளடைவில் சிக்கு வாடை பிடிக்கும். தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே செல்ல வேண்டும். திருப்பும்போதும் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும், இல்லையேல் விளிம்பு தோலை வெட்டிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. இப்போதுள்ள புள்ளிகளை எப்படி நீக்குவது?

பதில் (திருவான்மியூர்):
மேலோட்டமானவை என்றால் உலோகப் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே போய்விடும். விளிம்பில் குழி விழுந்திருந்தால், 1000 கிரிட் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) தொடங்கி 8000 வரை படிப்படியாகச் சாணை பிடிக்க வேண்டும்.