பாஸ்டன் டீ: விலை ஏறுச்சா, இறங்குச்சா?

மதுரைக்காரன்: நேத்து ஒரு மேதை எழுதியிருக்காரு, பிரிட்டிஷ்காரன் வரிய ஏத்தி டீ விலை எகிறிடுச்சாம், அப்போ பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த அமெரிக்கா ஜனங்க பொங்கி எழுந்து டீய பாஸ்டன் துறைமுகத்துல கடல்ல கொட்டிட்டாங்களாம். யோவ், 1773 டீ சட்டத்தால விலை குறைஞ்சுது. கிழக்கிந்திய கம்பெனி நேரா அங்கயே கொண்டுபோய் விக்கலாம்னு ஆச்சு, லண்டன்ல கட்டின வரியும் திரும்ப வந்துடும், டச்சு கடத்தல் டீயவிட சல்லிசு.

வெட்டிப்பேச்சு: அந்த மேதை நான்தான், பேர் சொல்ல தைரியம் இல்லையாக்கும். ஒரு பவுண்டு எடை டீக்கு 3 பென்ஸ் வரி இருந்துச்சா இல்லையா?

மதுரைக்காரன்: இருந்துச்சு, ஏறலையே! அது 1767ல பிரிட்டிஷ் நிதி மந்திரி டவுன்ஷெண்ட் போட்ட பழைய வரி. விலை குறைஞ்சுது. சல்லிசா டீ வந்தா வயிறு எரியறது யாருக்கு? கடத்துற வியாபாரிக்கு. புரட்சி தலைவர்னு கொண்டாடுறீங்களே ஜான் ஹான்காக், அவர் கப்பல் லிபர்ட்டிய 1768லயே கடத்தல்னு சொல்லி சுங்கக்காரன் புடிச்சான்.

செல்வி_கோவை: அப்போ 1773 டிசம்பர் 16 ராத்திரி மோஹாக்ங்கற அமெரிக்க பழங்குடி வேஷத்துல 3 கப்பல் ஏறி 342 பெட்டிய உடைச்சவன் எல்லாம் கடத்தல்காரனா? அந்த கூட்டத்துல இருந்த ஜார்ஜ் ஹ்யூஸ் செருப்பு தைக்கிறவர் சார். ஒருத்தன் கோட்டுக்குள்ள டீய திணிச்சுக்கிட்டு நழுவ பார்த்தான், அவர்தான் கோட்டப் புடிச்சு இழுத்து கிழிச்சாரு. பிரச்சனை விலை இல்ல, அமெரிக்கா ஆள் ஒருத்தன்கூட இல்லாத பிரிட்டிஷ் பார்லிமெண்ட் எப்படி வரி போடலாம்ங்கறது.

மதுரைக்காரன்: விலை குறைஞ்சுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மேடம்.

வெட்டிப்பேச்சு: 3 பென்ஸ்!! புடிச்ச முயலுக்கு மூணே கால் இவருக்கு.

டீக்கடை_பெஞ்ச்: எல்லாம் நம்ம அஸ்ஸாம் டீதானே பாஸ்

மதுரைக்காரன்: கிழிஞ்சுது. அஸ்ஸாம்ல கம்பெனி தோட்டம் போட்டதே 1830கள்லதான், கொட்டினது சீன டீ. படிச்சுட்டு வாங்கப்பா.

டீக்கடை_பெஞ்ச்: ஓவரா பேசாதீங்க. 1781ல அமெரிக்க சுதந்திரப் போர்ல, யார்க்டவுன்ல வாஷிங்டன்கிட்ட சரணடைஞ்ச பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1792ல திப்புகிட்ட பாதி ராஜ்ஜியத்த புடுங்கி அவர் பசங்கள்ல ரெண்டு பேர பிணையா கூட்டிட்டு போனான், தெரியுமா

மதுரைக்காரன்: அதுக்கும் டீ விலைக்கும் என்னய்யா சம்பந்தம்?

வெட்டிப்பேச்சு: திப்புன்னதும் அண்ணன் நழுவுறாரு பாருங்க, போன மாசம் அந்த திரியில வாங்கி கட்டிக்கிட்டது மறக்கல போல 😂

மதுரைக்காரன்: அங்க யாரு வாங்கி கட்டிக்கிட்டாங்கன்னு ஊருக்கே தெரியும், ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, போடவா? விலை குறைஞ்சுது.

செல்வி_கோவை: போடுங்க, அதுல நீங்க என்னைய திட்டினதும் வருமே.