மாமியாருக்கு வாயில வராத பேரை பிள்ளைக்கு வைக்கலாமா?

தக்கலை மருமகள்:
எனக்குப் பொம்பளப்பிள்ளை பிறந்து இன்னைக்கு 19 நாள். பூச நட்சத்திரம். ஹு, ஹே, ஹோ, ட, இதுல ஒரு எழுத்துல தொடங்கணும்னு ஜோசியர் எழுதித் தந்தாரு. வீட்டுக்காரர் குவைத்துல. ராத்திரி ராத்திரி போன்ல பேசி ‘ஹேஷ்விதா’ன்னு முடிவு பண்ணினோம். யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. நான் படிச்ச கிளாஸ்ல என் பேர்ல நாலு பேர். பத்து வருஷம் இனிஷியல் சேர்த்துத்தான் விளிச்சாங்க.

ஆனா மாமிக்கு அது வாயில நிக்கல்ல. ‘ஏசுவிதா’ங்காவ. அவிய அம்மைக்க பேரு தங்கப்பூ, அதை வையின்னு கேக்காவ. 28-ம் நாள் நூல்கெட்டு, பிள்ளைக்கு இடுப்புல நூல் கட்டிப் பேரு விளிக்க சடங்கு. என்ன செய்யட்டும்?

குலசேகரம் டீச்சர்:
மக்களே, முதல்ல பதறாதே. பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 21 நாளைக்குள்ள பதியணும்ங்கதுதான் சட்டம். பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாம சேர்த்துக்கலாம். நூல்கெட்டுக்குக் காதுல ஒரு பேரு சொல்லு, சர்ட்டிபிகேட்ல ஏத்த அவசரப்படாதே. ஏறினபிறகு மாத்தது லேசுப்பட்ட காரியமில்ல. நான் படிப்பிச்ச ஒரு பிள்ளைக்கு ஆதார்ல ஒரு ‘எச்’, மார்க் ஷீட்ல ரெண்டு ‘எச்’. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுக்கப் போனப்ப மாசக்கணக்கா அலைஞ்சா. கடைசியில கெஜட்ல போட்டுத்தான் தீர்ந்துது.

34 வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவ நான். முதல்ல தாணுமாலயன், நேசமணி, செல்லத்தாய், சவரிமுத்து. பேரை வாசிச்சாலே சுசீந்திரம் கோயிலும் கோட்டாறு சவேரியாரும் கண் முன்னால வரும். பிறகு அஜின், சுஜின், லிஜின், விஜின் எல்லாம் ஒரே பெஞ்சுல. அத்தனையும் ‘யாருக்கும் இல்லாத பேரு’ன்னு தேடி வச்சதுதான். ‘ஷ்விதா’வும் ‘த்விகா’வும் இப்ப அந்த வழியிலதான் போகுது.

நம்ம குமரி மண்ணுல பேருக்காக அடி வாங்கியிருக்காவ. அய்யா வைகுண்டர் 1809-ல பிறந்தப்ப பெத்தவங்க வச்ச பேரு முடிசூடும் பெருமாள். ‘உங்க சாதிக்கு முடியா? பெருமாளா?’ன்னு மேல்சாதிக்காரங்க தடுத்துத்தான் முத்துக்குட்டின்னு மாத்தினாங்கன்னு சாமித்தோப்புல சொல்லுவாவ. இன்னைக்கு நம்மளைத் தடுக்க ஆளில்ல. இந்த நேரத்துல அர்த்தமில்லாத எழுத்துகளை ஒட்டி வைக்கதைப் பாத்தா எனக்கு நெஞ்சு கனக்குது. ஹேஷ்விதாவுக்கு அர்த்தம் என்ன, சொல்லு?

அருமனைக்காரன்:
டீச்சர், பாதிக்கு நான் எதிர். எனக்க பேரு அப்பாவுக்க பேர்ல ரெண்டு எழுத்தும் அம்மைக்க பேர்ல ரெண்டு எழுத்தும் சேர்த்து வச்சது. அகராதியில தேடினா கிடைக்காது. அம்மை எனக்கு 11 வயசுல போயிட்டா. இப்ப ஆரு என்னை விளிச்சாலும் அவளுக்க பாதிப் பேரும் கூடவே வருது. இதைவிட என்ன அர்த்தம் வேணும்?

புதுப்பேரை அப்படித் தள்ளாதீங்க. நட்டாலத்து நீலகண்டன் 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனாரு. லாசர்ங்க பேருக்குத் தமிழ் அது. அன்னைக்கு நட்டாலத்துல அவரைத் தெரிஞ்சவங்க காதுக்கு அது புதுசாத்தான் கேட்டிருக்கும். 2022-ல புனிதர் பட்டம் குடுத்ததும் அந்தப் பேர்லதான். அக்கா, பேரு பழசா புதுசான்னு பாக்காண்டாம். உங்க வீட்டு ஆளு ஆராவது அதுக்குள்ள இருக்காவளான்னு பாருங்க.

பூதப்பாண்டி அண்ணன்:
தங்கச்சி, ஹேமம்னா தங்கம். மலர்னா பூ. ‘ஹேமமலர்’ வச்சா தங்கப்பூவும் ஆச்சு, ஜோசியர் சொன்ன ‘ஹே’யும் ஆச்சு. எங்க பக்கத்துல நான் அந்தப் பேரைக் கேட்டதே இல்ல.

தக்கலை மருமகள்:
அண்ணா, இதை வாசிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிட்டு. வீட்டுக்காரருக்குப் பிடிச்சிருக்கு. மாமியைச் சொல்ல வச்சுப் பாத்தேன், ‘ஏமமலரு’ங்காவ. டீச்சர், ‘ஹ’ வராதது குறையா?

குலசேகரம் டீச்சர்:
குறையே இல்ல மக்களே. பழந்தமிழ்ல ஏமம்னா காவல், இன்பம்னும் அர்த்தம் உண்டு. மாமி அப்படியே விளிக்கட்டும். அருமனைத் தம்பி, உனக்க அம்மைக்க காரியம் வாசிச்சேன். நான் கேட்ட கேள்வி தப்புதான்.

தக்கலை மருமகள்:
மாமி இப்ப தொட்டில் பக்கத்துல இருந்து விளிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காவ. பிள்ளை உறங்குது.