மிதி கால்வாய்க் கரையில் எட்டு நாள் சைக்கிள்: மாயவரத்துக் கால் தாங்குமா?

கூறைநாட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 51. மாயவரம் கூறைநாட்டில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தங்கை பிரான்சில் துலூஸில் இருக்கிறாள். மாப்பிள்ளை காரைக்கால்காரர், ஊர் கைமாறியபோதும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பம். வரும் செப்டம்பரில் கூப்பிடுகிறார்கள். ஈஃபில் கோபுரமெல்லாம் அப்புறம் பார்க்கலாம், துலூஸிலிருந்து கடல் வரை கால்வாய்க் கரையோடு சைக்கிளில் போவோம், வழியில் ஒரு லாரிகூட வராது என்கிறார் மாப்பிள்ளை. கால்வாயின் பெயர் கனால் து மிதி. பெயரிலேயே மிதி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே சரி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

240 கிலோமீட்டர், எட்டு நாள். என் பழக்கம் இவ்வளவுதான்: ஞாயிறுதோறும் விடியலில் கிளம்பிப் பூம்புகார் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். போக வர ஐம்பது கிலோமீட்டர். கியர் இல்லாத பழைய சைக்கிள். மறுநாள் கடையில் உட்கார்ந்தே இருந்துவிடுவேன். தொடர்ந்து எட்டு நாள் என்றால் முட்டி என்ன சொல்லுமோ. அது மேடு பள்ளமான நாடா? மண் பாதையா? நான் சைவம், அது வேறு. இன்னொன்று, இப்போதிலிருந்தே பழகலாம் என்றால் பூம்புகார் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் போகிறது. நம் டெல்டாவில் வண்டி வராத கரைப்பாதை எங்கே இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டிக் கரையான்

தம்பி, நான் போய் வந்தவன். பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜீப் வராத கரையெல்லாம் சைக்கிளில்தான் பார்வையிடுவோம். பெயரில் உள்ள கரையான் என் பேரன் வைத்தது, புற்று வைக்கிற கரையான் இல்லை. 2019 செப்டம்பரில், 63 வயதில், நீங்கள் கேட்கிற அதே கரையில் ஏழு நாள் மிதித்தேன். முட்டி பற்றிக் கவலைப்படாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீருக்கு ஏறத் தெரியாது. கால்வாய் வெட்டினவன் மட்டம் பார்த்துத்தான் வெட்டியாக வேண்டும். அதன் கரையில் போகிறவனுக்கும் ஏற்றம் கிடையாது. மேடு வருகிற இடத்தில் ஒரு தொட்டியைக் கட்டி, இரண்டு பக்கமும் கதவு போட்டு, தண்ணீரை நிரப்பிப் படகைத் தூக்கிவிடுவார்கள். எக்லூஸ் என்று பெயர். உங்களுக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சரிவு, பத்து மிதியில் முடிந்துவிடும். துலூஸிலிருந்து நொரூஸ் என்ற இடம் வரை மெல்ல ஏறும். அதுதான் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். அங்கிருந்து மத்தியதரைக் கடல் வரை இறக்கம்தான். ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால்.

கட்டினவர் ரிக்கே என்பவர். உப்பு வரி வசூலிக்கும் வேலையில் இருந்தவர், பொறியாளரே இல்லை. 1666இல் தொடங்கி 1681இல் திறந்தார்கள். அவர் 1680லேயே இறந்துபோனார். உச்சியில் உள்ள கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் அன்றைக்குப் பெரிய கேள்வி. கறுப்பு மலை என்ற மலையிலிருந்து ஓடைகளைத் திருப்பிக் கொண்டுவந்து நொரூஸில் விட்டார். அங்கிருந்து பாதி மேற்கே, பாதி கிழக்கே. நம் வேலையில் முறை வைத்துத் தண்ணீர் பிரித்துக் கொடுத்தவன் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அரை மணி நேரம் நிற்பான். நான் முக்கால் மணி நேரம் நின்றேன். மகள் போன் செய்துவிட்டாள்.

ஆர்ஜான் என்ற ஊரிலிருந்து பெசியே நகரத்துப் பக்கத்தில் ஃபோன்செரான் வரை 54 கிலோமீட்டர் ஒரே மட்டம், நடுவில் ஒரு எக்லூஸ்கூட இல்லை. குன்றுக்குக் குன்று வளைந்து வளைந்து போகும். நேராகப் போனால் பத்து நிமிஷத்தில் போகிற ஊருக்கு அரை மணி ஆகும். அந்தப் பக்கமெல்லாம் திராட்சைத் தோட்டம், செப்டம்பர் அறுவடை மாதம். ஃபோன்செரானில் எட்டுத் தொட்டி படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இறங்கும், மொத்தம் இருபது மீட்டருக்கு மேல். அங்கே சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். படகுக்காரர்கள் கயிற்றோடு படுகிற பாட்டைப் பார்க்கலாம்.

நம் கரையில் ஏன் இப்படி ஒரு பாதை இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள், அதிகாரிகளைத் திட்டுவார்கள். என் கணக்கு வேறு. அது படகுக் கால்வாய். குதிரை கரையில் நடந்து படகை இழுக்க வேண்டும். குதிரை நின்றால் படகும் நிற்கும். அதனால் குறுக்கே ஒன்றும் வராமல் பாதை விட்டார்கள், பல பாலங்களுக்கு அடியிலும் பாதை நுழைந்து போகும். குதிரை போய்ச் சேர்ந்தது, பாதை மிச்சம். நம்முடையது பாசனம். ஆறு போகப் போகப் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தலைப்பு (தண்ணீர் பிரிகிற இடம்), ஒரு மதகு, அதிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு மூங்கில் பாலம். கரையும் பொதுச்சொத்து: ஒருவன் நெல் காயப்போடுவான், ஒருவன் ஆடு கட்டுவான், ஒரு சாமி வந்து உட்கார்ந்துவிடும். அறுவடை சமயத்தில் கொள்முதல் நிலையத்து லாரியும் அதே கரையில்தான். தொடர்ந்து போகிற பாதை இங்கே இயற்கையிலேயே அமையாது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

அப்படி ஒரு துண்டு சொல்கிறேன். திருவையாற்றில் ஏழூர் பல்லக்கு தெரியும் அல்லவா? சித்திரையில் ஐயாறப்பர் திருப்பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வருவார். அந்தச் சுற்றுதான் என் வாரப் பயிற்சி. கண்டியூரில் தஞ்சாவூர் ரோட்டைக் கடக்கிற இடம் தவிர பெரும்பாலும் வாழைக்கும் வயலுக்கும் நடுவே ஊர்ப்பாதை. பல்லக்கு கோடையில் ஆற்று மணலில் இறங்கி ஏறிவிடும். நீங்கள் பாலம் தேடிச் சுற்ற வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு வந்தால் காவிரி, குடமுருட்டி இரண்டையும் நிறைந்து பார்க்கலாம். முடித்துவிட்டுத் திருவையாற்றில் அசோகா அல்வா. மாயவரத்திலிருந்து முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரே எச்சரிக்கை. ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்களும் கிராமத்தில் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். நான் நம்பினேன். அன்றைக்கு இரவு என்னிடம் இருந்தது ஒரு ஆரஞ்சுப் பழமும் மகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயும். தண்ணீர் தீர்ந்துபோய் நின்றபோது ஒரு பெரியவர் கையைக் காட்டிய இடம் ஊர்க் கல்லறைத் தோட்டம். அங்கே எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்குமாம். குடிக்க ஆகாது என்று பலகை இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பாட்டில் பிடித்தேன். இடுகாட்டுத் தண்ணீர் குடித்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

புதாறு சைக்கிள்

பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மட்டமான பாதை என்றால் சுலபம் என்று அர்த்தம் இல்லை. இறக்கம் இல்லாததால் கால் ஓயவே ஓயாது, போகிற நேரமெல்லாம் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முட்டியைவிட உட்காருகிற இடமும் உள்ளங்கையும்தான் முதலில் அழும்.

துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் தார்ப் பாதை, தாண்டியதும் மண்ணும் சரளையும் மரவேரும் வரும் என்று போய் வந்த நண்பன் சொன்னான். அதனால் மெல்லிய டயர் சைக்கிளை வாடகைக்கு எடுக்காதீர்கள், 38 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அதற்குப் பயிற்சி வேண்டுமானால் எங்கள் பக்கம் வாருங்கள். தஞ்சாவூர் பெரிய கோயில் ஓரமாகப் போகிறதே, கல்லணைக் கால்வாய், எங்களுக்குப் புதாறு. மேட்டூர் அணை கட்டின காலத்திலேயே வெட்டியது, 1934இல் தண்ணீர் விட்டார்கள். ஒரத்தநாடு தாண்டிக் கரை பல இடத்தில் மண்தான். குலுங்கிப் பழகலாம். சீமைக்கருவேல முள் இருக்கிறது, இரண்டு டியூப் எடுத்து வாருங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சைக்கிளை நீங்கள் தூக்கிக்கொண்டு வருவீர்கள். எனக்கு நடந்தது.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கால்வாய் ஓரம் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நின்றனவாம். 2006இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டு வேறு மரம் வைத்துவருகிறார்கள். படத்தில் பார்த்த பச்சைக் குகை எல்லா இடத்திலும் இருக்காது. 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு பட்டுக்கோட்டை ரோட்டில் தென்னை இல்லாத வானத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமலைராயன்பட்டினத்துப் பெண்

நான் நார்போனில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். எங்கள் ஊர் வழியாக ஓடுவது ரோபின், நீங்கள் வருகிற கால்வாயிலிருந்து பிரிகிற கிளை. கிளை பிரியாத கால்வாய் என்று ஐயா நினைத்துவிடக் கூடாது, இது ஒன்று இருக்கிறது.

அண்ணா, காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே மேற்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும், செர்ஸ் என்பார்கள். அது அடித்தால் துலூஸிலிருந்து கடலுக்கு வருகிறவரை முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஓத்தான் என்று ஒன்று வரும், அன்றைக்கு அழுகைதான். ஆடிக் காற்றில் பூம்புகாரிலிருந்து மாயவரம் திரும்பி மிதித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே மாதிரி. ஆடி மாதம் முழுக்க அந்தத் திரும்பும் பாதியைத்தான் நீங்கள் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய முட்டுக்கட்டை வந்தால் வெட்கப்படாமல் ரயில் ஏறுங்கள். துலூஸ், கார்கசோன், நார்போன், பெசியே என்று ரயில் கால்வாயோடுதான் வருகிறது. தெஎர் என்ற உள்ளூர் ரயிலில் சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்றிக்கொள்ளலாம். இடம் நிறைந்திருந்தால் அடுத்த வண்டி.

இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. இங்கே வலப்பக்கம் போக வேண்டும் என்று தெரியும், ஆனால் பிரேக்கும் மாறியிருக்கும். நம் ஊரில் வலது கை முன் பிரேக், இங்கே இடது கை. முதல் நாள் பழக்க தோஷத்தில் இடதை இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற. தங்கை வீட்டு வாசலிலேயே கால் மணி நேரம் பழகுங்கள். அப்புறம் கரையை விட்டு ஊருக்குள் போனால், வேறு பலகை இல்லாத சந்தியில் வலது பக்கம் சந்திலிருந்து வருகிற காருக்குத்தான் முன்னுரிமை. அவன் நிற்க மாட்டான். இருட்டினால் ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை கட்டாயம்.

சைவத்துக்குப் பயம் வேண்டாம். ரொட்டிக்கடை, தக்காளி, தயிர், பழம், வேகவைத்த பருப்பு டப்பா. கறி இல்லை என்று சொன்னால் மீன் தருவார்கள், மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான் ஓட்டலில் மதியச் சாப்பாடு. இரண்டரைக்குப் போய் நின்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள், தட்டு வராது.

கூறைநாட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இடது பிரேக் விஷயம் ஒன்றுக்கே அந்தத் தங்கச்சிக்குப் பட்டுப்புடவை எடுத்துத்தர வேண்டும். அடுத்த சனிக்கிழமை திருவையாறு வருகிறேன், ஐயா, ஏழூர்ச் சுற்றுக்கு.

ஒரு யோசனை. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழி. சின்ன வயதில் போயிருக்கிறேன். பிரான்சில் இப்படி நின்றுபோன ரயில் பாதையில் சைக்கிள் பாதை போடுகிறார்களாமே? நமக்கும் போட்டால் என்ன?

குடமுருட்டிக் கரையான்

போடுகிறார்கள். வுவா வெர்த், பச்சைப் பாதை என்று பெயர். பர்கண்டி பக்கம் ஜீவ்ரியிலிருந்து க்ளூனி வரை 1997இல் போட்டதுதான் முதலாவது, பழைய ரயில் பாதை மேல். ஆனால் தம்பி, தரங்கம்பாடி ஆட்களிடம் இந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது ரயில். பேரளம் காரைக்கால் பாதையில் மறுபடி தண்டவாளம் போட்டதைப் பார்த்த பிறகு நம்பிக்கை இன்னும் கூடியிருக்கும். நானும் அவர்கள் கட்சிதான்.

சனிக்கிழமை வாருங்கள். ஒரு உதவி செய்ய வேண்டும். அங்கே எக்லூஸ் காவல்காரர் வீட்டுச் சுவரில் ஒரு பலகை பதித்திருக்கும், அடுத்த எக்லூஸ் இந்தப் பக்கம் எவ்வளவு தூரம், அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று. நம் லஸ்கர் (மதகுக் காவலர்) வீட்டுக்கும் அப்படி ஒன்று வைத்திருக்கலாமே என்று ஆசைப்பட்டுப் படம் எடுத்தேன். ஊர் வந்து பார்த்தால் படம் முழுக்க என் கட்டைவிரல். நல்லதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள்.