இளையோர் பணியில் அன்பு: ஆள் சேர்க்கும் வழியா, பணியின் உள்ளடக்கமா?

கேள்வி: பங்கு இளையோர் வழிகாட்டி

அனைவருக்கும் வணக்கம். பங்கு (ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சார்ந்த மக்கள் சமூகம்) அளவில் இயங்கும் இளையோர் குழு ஒன்றுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனச் சடங்கைப் பெற்றபின் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகிப்போவதைப் பற்றி அண்மையில் எங்கள் பொறுப்பாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. மறைக்கல்வியின் தரம் போதவில்லை, பாடத்தையும் ஒழுங்குமுறையையும் இறுக்க வேண்டும் என்றார்கள் சிலர். இசை, விளையாட்டு, சுற்றுலா ஆகியவற்றைக் கூட்டினால் வருவார்கள் என்றார்கள் வேறு சிலர். அன்பும் பிறரன்புச் செயல்களுமே பணியின் மையமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொன்னவுடன் மூத்த உறுப்பினர் ஒருவர், "அன்பு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, அது என்ன வேலையாக மாறும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. அன்பை மையமாக வைத்தால் கண்டிப்புக்கு இடம் உண்டா? அடுத்து, உதவிப் பொருள் திரட்டும்போதெல்லாம் இளைஞர்களை மூட்டை சுமக்க மட்டுமே அழைக்கிறோமே, அதைப் பிறரன்புப் பயிற்சி என்று சொல்ல முடியுமா?

பதில்: மறைக்கல்வி ஆசிரியை

அன்பு என்ன வேலையாக மாறும் என்பதற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் டூரின் நகரில் ஏழைச் சிறுவர்களிடையே பணியாற்றிய குருவான புனித தொன் போஸ்கோவின் வாழ்க்கையில் தெளிவான விடை இருக்கிறது. 1841 டிசம்பர் 8 அன்று, திருப்பலிக்கு உதவி செய்யத் தெரியாது என்பதற்காக ஒரு சிறுவனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்து, 'அவன் என் நண்பன்' என்றார். அதன்பின் நடந்த உரையாடலின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெயர், ஊர், தாய் தந்தையர் உயிரோடு இருக்கிறார்களா, எழுதப் படிக்கத் தெரியுமா என்ற விசாரிப்பு. அதற்குப் பிறகே செபமும் மறைக்கல்வியும். பாடத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. பாடம் யாருக்கு என்பதை முதலில் தெரிந்துகொண்டார்.

அவருடைய பணி கோவில் வளாகத்தோடு நிற்கவும் இல்லை. வேலை தேடி நகரத்துக்கு வந்த சிறுவர்களைப் பட்டறை முதலாளிகள் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அவர் நேரில் சென்று பார்த்தார். அச்சிறுவர்கள் சார்பில் தொழில் பழகும் ஒப்பந்தங்களில் கையெழுத்தும் இட்டார். 1852ஆம் ஆண்டின் ஒப்பந்தம் ஒன்றில், பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலைகளை வாங்கக் கூடாது, திருநாள்களில் ஓய்வு தர வேண்டும், கூலி இவ்வளவு என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மூத்த உறுப்பினரிடம் இதைச் சொல்லலாம். அங்கே அன்பு முத்திரைத்தாளில் எழுதிய நிபந்தனைகளாக மாறியது.

கண்டிப்பைப் பற்றி: 1877இல் தம் கல்விமுறையை விளக்கி அவர் எழுதிய சிறு கட்டுரை, அறிவு, சமயம், கனிவன்பு ஆகிய மூன்றின்மேல் அதை நிறுத்துகிறது, 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் 'அன்பு பொறுமையுள்ளது' என்ற சொற்களையே அதற்கு அடித்தளமாகக் காட்டுகிறது. விதிகள் அதில் உண்டு. ஆனால் அவை முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். தவறு நடந்தபின் தண்டிக்கக் காத்திருக்காமல், தவறு நேராதபடி பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். தண்டிப்பதைவிட இது எத்தனையோ மடங்கு களைப்பு தரும் வேலை என்பதால்தான் பலரும் தண்டனையைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1884 மே 10 அன்று ரோமிலிருந்து டூரினில் இருந்த தம் இளையோர் இல்லத்தாருக்கு எழுதிய மடலில், பொறுப்பாளர்கள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு கலந்திருக்கும் வழக்கத்தைக் கைவிட்டதை எண்ணி அவர் வருந்துகிறார். இளையோரை அன்பு செய்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்பது அம்மடலின் மையக் கருத்து. உங்கள் பொறுப்பாளர்கள் கூட்டம் முடிந்ததும் கணக்கு எழுத உட்கார்ந்துவிடுகிறார்களா, பிள்ளைகளோடு இருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

பதில்: வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர்

சகோதரரின் இரண்டாம் ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினர் அமைப்பான எங்கள் சபையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்களே. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் அவர்கள் முதன்முறையாகக் கூடியபோது அவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. கிறிஸ்தவம் கடந்த காலத்தில் செய்த நன்மைகளைப் பேசுகிறீர்கள், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று விவாத மேடையில் எழுந்த சவாலே அதற்குத் தூண்டுதல். வயதில் மூத்தவரான எம்மானுவேல் பாயி அந்த மாணவர்களுக்குத் துணை நின்றார்; ஏழைக் குடும்பங்களை நன்கு அறிந்திருந்த அருட்சகோதரி ரோசலி ரெந்து, யாரைச் சந்திப்பது, எப்படிப் பேசுவது என்று வழிகாட்டினார். பெரியவர்கள் செய்தது அவ்வளவே. வீடுகளுக்குப் போனவர்கள் இளைஞர்கள்.

இன்றும் எங்கள் பணியின் உயிர்நாடி வீடு சந்திப்புதான். பொருள் கொடுப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. உட்கார்ந்து கேட்பது, அடுத்த வாரமும் போவது, அந்தக் குடும்பத்துக்கு எது தேவை என்பதைத் தாங்களே கூடி முடிவு செய்வது ஆகியவற்றில்தான் இளைஞர் வளர்கிறார். மூட்டை சுமப்பவருக்கு அந்த முடிவில் பங்கில்லை என்றால் அவர் செய்வது கூலியில்லாத சுமைவேலை. பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிறரன்புப் பயிற்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேலே ஆசிரியை குறிப்பிட்ட டூரினிலும் இதையே காண்கிறோம். 1854இல் அங்கே காலரா பரவியபோது, தொன் போஸ்கோவின் இல்லத்து இளைஞர்களே நோயாளிகளைப் பராமரிக்க முன்வந்தார்கள். ஆதரவு பெற்றவர்களே ஆதரவு தருபவர்களாக மாறினார்கள்.

பதில்: விடுதிக் காப்பாளர்

மேலே உள்ள இரண்டு பதில்களையும் ஏற்கிறேன். ஆனாலும் 'உடனிருத்தல்' என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அன்பின் பெயரால் பிள்ளைகளை நெருங்கியவர்களில் சிலர் அவர்களுக்குப் பெருந்தீங்கு இழைத்திருக்கிறார்கள் என்பது திருச்சபை ஒப்புக்கொண்ட உண்மை; இத்தகைய குற்றங்களை முறையாகத் தெரிவிக்கவும் விசாரிக்கவும் 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் தனிச் சட்டமே பிறப்பித்தார். சிறாரோடு பேசுவது பிறர் பார்வை படும் இடத்தில் இருக்கட்டும். பின்னிரவுத் தனிச் செய்திகள் வேண்டாம். முறையீடு செய்ய நம்பகமான ஒருவரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். இவற்றை அன்புக்கு விதித்த தடைகளாகக் கருதும் பொறுப்பாளரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க மாட்டேன்.

மற்றொன்று, விலகிப்போனவர்களைப் பற்றி. மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு செல்வர் இயேசுவிடம் வருகிறார். இயேசு அவரை அன்போடு கூர்ந்து நோக்கி, உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறார். அவரோ வருத்தத்தோடு போய்விடுகிறார். இயேசு கேட்டதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, அவரைத் தடுத்து நிறுத்தவும் இல்லை. கண்டிப்பும் அன்பும் அங்கே ஒரே பார்வையில் இருக்கின்றன. ஆகவே வருகைப் பதிவேட்டை வைத்து அன்பை அளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: விலகி, மீண்டும் வந்த இளைஞர்

சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வராமல் இருந்த காலத்தில் எனக்கு வந்த செய்திகள் எல்லாமே, 'இந்த ஞாயிறு கூட்டம் உண்டு, வருவாயா?' என்பவைதான். என் தேர்வு என்னவாயிற்று, வேலை கிடைத்ததா என்று கேட்டவர் ஒரே ஒரு அண்ணன். கூட்டத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. நான் மீண்டும் வந்ததற்கு அவர்தான் காரணம். அவர் ஒருவேளை என்னை வரவைக்கவே அப்படி விசாரித்தார் என்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தம்பி சொன்ன கடைசி வரி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. வராதவர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அவர்களை அழைப்பதற்காக அன்றி, நலம் விசாரிப்பதற்காக மட்டும் இருவர் இருவராகச் சென்று பார்க்கலாம் என்று அடுத்த பொறுப்பாளர் கூட்டத்தில் முன்மொழியப்போகிறேன். போகிறவர்களில் ஒருவராவது இளைஞராக இருக்க வேண்டும் என்றும் கேட்பேன். பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வைக்கும் பொறுப்பை, அன்பு என்ன வேலையாக மாறும் என்று கேட்ட மூத்த உறுப்பினரிடமே ஒப்படைக்க எண்ணுகிறேன்.