மாதிரி ரயில் தளத்துக்குக் கல் கட்டடங்கள்: எந்தப் பொருளில் தொடங்குவது?

கேள்வி

வணக்கம். 1:87 அளவில், அதாவது எச்ஓ அளவில், நான் அமைத்துவரும் மாதிரி ரயில் தளத்தில் தண்டவாள வேலையும் மின்னிணைப்பு வேலையும் முடிந்து இப்போது கட்டடங்களின் முறை வந்திருக்கிறது. தரைத்தளம் மட்டுமே உள்ள ஒரு நிலையக் கட்டடம், ஒரு சரக்குக் கிடங்கு, இரண்டுக்கும் பின்னால் ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளத்துக்குச் செல்லும் ஒரு தாங்குசுவர் ஆகிய மூன்றும் கல்லால் கட்டப்பட்டவையாகத் தோன்ற வேண்டும். பெட்டியில் வரும் ஆயத்தக் கட்டடங்கள் என் தளத்தின் இடத்துக்குப் பொருந்தாததால் எல்லாவற்றையும் கையாலேயே செய்ய எண்ணுகிறேன்.

கல் வடிவம் பதிக்கப்பட்ட ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளில் கிடங்கின் ஒரு மூலையை மட்டும் மாதிரிக்காகச் செய்து பார்த்தேன். தட்டையாக வைத்துப் பார்க்கும்போது தாள் நன்றாகவே இருக்கிறது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒரு பக்கத்துக் கல் வரிசை மறுபக்கத்துக்குத் தொடராமல் நின்றுவிடுவதால், சுவரின்மேல் எதையோ ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. அச்சிட்ட காகிதத்தில் மூலை பொருந்துகிறது, ஆனால் பக்கவாட்டில் விளக்கு பட்டதும் அதன் தட்டைத்தன்மை வெளிப்பட்டுவிடுகிறது. கற்களுக்கு இடையிலான சந்துகளை எவ்வளவு ஆழமாக அமைக்க வேண்டும், எந்தப் பொருள் இதற்கு ஏற்றது, நீளமான தாங்குசுவரையும் ஒவ்வொரு கல்லாகத்தான் செதுக்க வேண்டுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் கல் சுவர் பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்லின் அளவுதான். உண்மையான கட்டடத்தில் ஒரு கல் வரிசையின் உயரம் 300 மி.மீ. என்றால் 1:87 அளவில் அது 3.4 மி.மீ.; 200 மி.மீ. வரிசை 2.3 மி.மீ. ஆகும். வரிசைகளுக்கு இடையிலான சாந்துச் சந்து 10 முதல் 15 மி.மீ. வரை இருக்கும் என்று கொண்டால், மாதிரியில் அது 0.2 மி.மீ. அளவைத் தாண்டுவதில்லை. நம்மில் பலரும் அரை மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் போட்டுவிட்டு, சுவர் ஏன் கோட்டை மதில்போல் தெரிகிறது என்று வியக்கிறோம். ஆகவே சந்தின் ஆழத்தைப் பற்றிய தங்கள் கேள்விக்கு என் பதில், கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தால் போதும், விரல் நகம் அதில் சிக்க வேண்டியதில்லை என்பதே. அளவைச் சரிபார்க்க எளிய வழி கதவுதான்: 2.1 மீட்டர் உயரக் கதவு மாதிரியில் 24 மி.மீ. வரும், அதன் பக்கத்தில் 300 மி.மீ. வரிசைகள் ஏழு அமைய வேண்டும். நான்கு வரிசைகளிலேயே கதவு முடிந்துவிட்டால் அந்தச் சுவரைக் கட்டியவர்கள் பூதங்கள்.

பொருள் என்று வந்தால் நிலையத்துக்கும் கிடங்குக்கும் நான் 5 மி.மீ. ஃபோம் போர்டையே, அதாவது இரு முகங்களிலும் காகிதம் ஒட்டிய நுரைப் பலகையையே, பரிந்துரைப்பேன். 5 மி.மீ. என்பது 1:87 அளவில் 435 மி.மீ. தடிமனுக்குச் சமம், கல் சுவர் ஒன்று இயல்பாகவே ஏறத்தாழ அந்தத் தடிமனில்தான் இருக்கும் என்பதால், ஜன்னல் திறப்பை வெட்டிய உடனேயே சரியான ஆழம் தானாகக் கிடைத்துவிடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செய்த கட்டடங்களில் ஜன்னல் சட்டம் சுவரின் முகத்தோடு ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லின் கனத்தைக் கெடுப்பதில் மூலைக்கு அடுத்தபடியாக நான் வைப்பது அதைத்தான்.

போர்டின் வெளிமுகத்துக் காகிதத்தை உரித்துவிட வேண்டும். அது எளிதில் வராவிட்டால் ஈரத்துணியால் நனைத்துச் சிறிது நேரம் விட்டபின் விரலால் உருட்டி எடுக்கலாம். உள்முகத்துக் காகிதம் அப்படியே இருக்கட்டும், சுவருக்கு விறைப்பைத் தருவது அதுதான். பிறகு எஃகு அளவுகோலை வைத்துக் கிடைமட்ட வரிசைக் கோடுகளை முதலில் நான்கு சுவர்களுக்கும் ஒரே உயரத்தில் மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். நெடுக்குச் சந்துகளை அளவுகோல் இல்லாமல் கையாலேயே போடுங்கள், ஆனால் ஒரு வரிசையின் சந்து அடுத்த வரிசையின் சந்துக்கு நேர்கீழே வரக் கூடாது. கோடு இழுக்க மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாதான் சிறந்த கருவி. மை உள்ள பேனாவைத் தொடவே தொடாதீர்கள். அந்த மை எத்தனை பூச்சுக்கு அடியிலும் ஊறி மேலே வந்துவிடும். கோடுகள் முடிந்ததும் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அங்கங்கே அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும், சில கற்களை மட்டும் விரல்நுனியால் சற்று உள்ளே தள்ளிவிட்டால் முகம் ஒரே மட்டமாக இல்லாமல் போகும்.

இனி தங்களை வருத்தும் மூலை. கல் கட்டடத்தின் மூலையில் ஒரே கல்லின் நீண்ட பக்கம் ஒரு சுவரிலும் குறுகிய பக்கம் அடுத்த சுவரிலும் தெரியும், அதற்கு மேலுள்ள வரிசையில் இது தலைகீழாக மாறும். இரண்டு சுவர்களின் விளிம்பையும் 45 பாகையில் சீவிச் சேர்த்து ஒட்டி, பசை உலர்ந்தபின் மூலைக்கற்களைச் செதுக்கினால் வரிசை தானாகவே சுற்றி வரும். ஒரு பக்கம் 7 மி.மீ., மறுபக்கம் 3.5 மி.மீ. என்று மாற்றி மாற்றி வைத்தால் போதுமானது. சீவி ஒட்டுவது கைவராவிட்டால், மெல்லிய அட்டையை அதே அளவில் வெட்டி மடித்து மூலையில் ஒட்டிவிடலாம். பொளிந்த மூலைக்கற்கள் சுவர்முகத்தை விடச் சற்றுத் துருத்தி நிற்கும் கட்டடங்கள் ஏராளம் என்பதால் அதுவும் இயல்பாகவே தெரியும்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் போர்டின் நடுப்பகுதி பாலிஸ்டைரீன் நுரை. கரைப்பான் கலந்த பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைத் தின்றுவிடும். பிவிஏ எனப்படும் வெள்ளைப் பசையையும் நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணங்களையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

பதில் 2

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் கிடங்கின் வண்டி வாசலில் வளைவு இருந்தால் ஃபோம் போர்டு அங்கே சற்றுத் தடுமாறும். வளைவின் உட்பக்கத்தை நுரையில் சுத்தமாக வெட்டுவது கடினம், வெட்டிய முகத்தில் கோடு போட்டாலும் விளிம்பு நொறுங்கும். காற்றில் உலரும் களிமண்ணை நான் விரும்புவது இந்த இடத்தில்தான். அட்டையிலோ மெல்லிய எம்டிஎஃப் பலகையிலோ கட்டடத்தின் கூட்டை முதலில் செய்து, அதன்மேல் வெள்ளைப் பசையைத் தடவி, பசை ஈரமாக இருக்கும்போதே களிமண்ணை ஒன்று முதல் இரண்டு மி.மீ. கனத்துக்கு அழுத்திப் பரப்ப வேண்டும். வளைவின் உட்புறத்துக்கும் மூலைக்கும் அதே களிமண்ணைத் தொடர்ச்சியாக இழுத்துவிடலாம் என்பதால் இணைப்பு என்ற ஒன்றே அங்கே இருக்காது. முழுவதும் உலர்ந்தபின் ஊசிமுனையால் கோடு கீறி, பழைய பல் துலக்கியால் தூசியைத் தட்டிவிட்டால் சந்துகள் கூர்மையாக நிற்கும். ஈரமாக இருக்கும்போது கீறினால் விளிம்பு இருபுறமும் எழும்பிக் கல் உப்பியதுபோல் ஆகிவிடும். கீறும்போது வரும் தூசி மிக மெல்லியது, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

களிமண் உலரும்போது சுருங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு முகத்தில் மட்டும் பூசிய அட்டை அந்தப் பக்கமாக வளைந்துவிடும், ஆகவே கூட்டை நான்கு சுவர்களும் உள் தாங்கிகளுமாக முழுமையாக ஒட்டிய பிறகே பூச வேண்டும். சிறு விரிசல் விழுந்தால் அதைச் சந்தாக மாற்றிக்கொள்ளலாம். ஒழுங்கற்ற கற்கட்டில் அது தெரியாது.

தாங்குசுவரை ஒவ்வொரு கல்லாகச் செதுக்க வேண்டிய தேவையே இல்லை. ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்துக்கு ஒரே ஒரு துண்டை நிதானமாகச் செதுக்கி, அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தேவையான எண்ணிக்கைக்கு வார்த்துக்கொள்ளுங்கள். துண்டின் இரு ஓரங்களையும் நேர்கோட்டில் முடிக்காமல் கற்களின் சந்து வழியே படிப்படியாக முடித்தால், அடுத்த துண்டு அதில் பல்லோடு பல்லாகப் பொருந்தும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பவர் கண் பிடித்துவிடாமல் இருக்க, சில துண்டுகளின் முகத்தில் நான்கைந்து கற்களை மட்டும் மறுபடி கீறி மாற்றுங்கள். இடையிடையே உதைசுவர் வைத்தால் இணைப்புகளில் பாதி மறைந்துவிடும். உண்மையான தாங்குசுவர் செங்குத்தாக நிற்பதில்லை, மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அடி வரிசைகளில் பெரிய கற்களும், நீர் கசிந்து வெளியேறுவதற்கான சிறு துளைகளும், உச்சியில் சற்று வெளியே நீட்டிய மூடுகற்களும் இருக்கும். இந்த நான்கையும் செய்துவிட்டால், கற்களின் வடிவம் சுமாராக இருந்தாலும் எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஃபோம் போர்டில் ஒரு சிறு துண்டைச் செய்து பார்த்தேன்; கதவை வைத்து வரிசையை எண்ணும் உத்தி உடனே பலன் தந்தது, 45 பாகை மூலையும் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே அமைந்தது. இப்போது வண்ணத்தில் நிற்கிறேன். சாம்பல் நிறத்தைப் பூசி, சந்துகளில் வெள்ளையை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு, மேலே துடைத்து எடுத்தேன். கற்கள் பின்வாங்கி, சுவரின்மேல் வெள்ளை வலை விரித்ததுபோல் சந்துகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. இதைத் திருத்த வழி உண்டா?

பதில் 3

உண்டு, துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். பழைய சாந்து வெள்ளையாக இருப்பதில்லை. மழையும் புகையும் பட்ட சாந்து மங்கிய மணல் நிறத்துக்கோ இளஞ்சாம்பலுக்கோ வந்துவிடும், பல சுவர்களில் அது கல்லின் நிறத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு அருகிலேயே இருக்கும். எனவே வரிசையை மாற்றிச் செய்து பாருங்கள். முதலில் சுவர் முழுவதையும், சந்து உட்பட, சாந்தின் நிறத்தில் பூசி உலரவிடுங்கள். பிறகு தட்டையான தூரிகையிலோ சிறு பஞ்சுத் துண்டிலோ கல்லின் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, எஞ்சியதைச் சுவர்முகத்தில் மட்டும் மெல்ல ஒற்றி எடுங்கள். நிறம் மேடான இடத்தில் மட்டும் பிடிக்கும், சந்து தன் நிறத்திலேயே தங்கிவிடும். தூரிகையை இழுக்கும்போது கோட்டின் திசையில் இழுக்காமல் மூலைவாட்டில் இழுக்க வேண்டும் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் சந்துக்குள் வண்ணம் இறங்குவதும் இறங்காமல் இருப்பதும் அதைப் பொறுத்தே அமைகிறது.

அது உலர்ந்ததும், நுண்ணிய தூரிகையால் தனிக்கற்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். பத்துக் கற்களுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். அடிப்படை நிறத்திலேயே சிறிது பழுப்பையும், வேறொரு கலவையில் சிறிது நீலச்சாம்பலையும், இன்னொன்றில் சிறிது வெண்மையையும் சேர்த்தால் மூன்று நிறங்களும் ஒரே குடும்பத்தில் இருக்கும். ஒரே கற்சுரங்கத்திலிருந்து வந்த கல்லில் அதற்கு மேல் வேறுபாடு இருப்பது அரிது. கல் நிறத்தில் தூய கறுப்பைச் சேர்ப்பதைத் தவிருங்கள்: சிறிய பொருளில் எந்த நிறமும் உண்மையைவிட அடர்த்தியாகத் தெரியும், ஆகவே உண்மைக் கல்லின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே நிறத்தைக் கலக்கினாலும் கட்டடம் இருண்டுபோகும், ஒரு படி வெளுப்பாகவே கலக்க வேண்டும்.

அழுக்கை எல்லா இடத்திலும் சமமாகப் பரப்பிவிடுவது பொதுவாகக் காணும் பழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுக்குக்கு ஒரு பாதை உண்டு. ஜன்னல் அடிக்கல்லின் இரு முனைகளுக்குக் கீழேயும், மழைநீர்க் குழாய் ஒழுகும் இடத்திலும், தரையிலிருந்து நீர் தெறிக்கும் முதல் இரண்டு வரிசைகளிலும் மட்டும் மெல்லிய கருமையை மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். தாங்குசுவரின் நீர்த்துளைகளுக்குக் கீழே சிறிது பச்சை சேரலாம். தங்கள் தளத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடினால் கிடங்கு வாசலின் வளைவு உச்சியில் கரி படிந்திருக்க வேண்டும், டீசல் காலம் என்றால் அது மிகவும் மங்கலாக இருந்தால் போதும். எல்லாம் முடிந்தபின் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. நீரில் கலக்கும் வகையைத் தூரிகையால் பூசுங்கள். வண்ணம் கலக்கும் வேலையைத் தளத்துக்கு மேலே எரியும் அதே விளக்கின் கீழ் செய்வது அவசியம், மஞ்சள் ஒளியில் சாம்பல் நிறம் முற்றிலும் வேறொன்றாகிவிடும்.

பதில் 4

தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் தாளையும் வீணாக்க வேண்டியதில்லை. தளத்தின் பின் ஓரத்தில், முகப்பு மட்டுமே தெரியும் அரைக் கட்டடங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். பார்ப்பவருக்கும் சுவருக்கும் இடையே ஒரு மீட்டர் தூரம் இருந்தால் ஃபோம் போர்டுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. மூலை வந்தே தீர வேண்டும் என்றால், விளிம்புகளை 45 பாகையில் அரத்தால் தேய்த்துச் சேர்த்துவிட்டு, முக்கோண அரத்தின் முனையால் ஒவ்வொரு கிடைமட்டக் கோட்டையும் மூலையைச் சுற்றி அடுத்த பக்கத்தின் கோட்டோடு இணைத்துவிடலாம். வெட்டும்போதே இரண்டு சுவர்களும் ஒரே வரிசையில் தொடங்குமாறு அளந்திருக்க வேண்டும், பிறகு எந்த அரமும் அதைச் சரிசெய்யாது. தடிமனுக்காகப் பின்னால் இன்னொரு தாளை ஒட்டுவதாக இருந்தால், உள்தாளில் சில துளைகள் இட்டுவிட்டு ஒட்டுங்கள். இரண்டு தாள்களுக்கு இடையில் சிக்கிய, பசையிலுள்ள கரைப்பான் வெளியேற வழியில்லாமல் நாளடைவில் சுவரை வளைத்துவிடும்.

இதுவரை யாரும் தொடாத ஒன்று, கட்டடம் தரையைத் தொடும் இடம். சுவரின் அடிவிளிம்புக்கும் தளத்துக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் கல் தன் எடையை இழந்துவிடும். சுவர்களை 5 மி.மீ. கூடுதல் உயரத்தில் வெட்டிக்கொண்டு, கட்டடத்தின் தரைவடிவத்தைத் தளத்தில் அதே ஆழத்துக்குப் பள்ளமாக எடுத்து, அதற்குள் இறக்கிவிடுங்கள். கூரைக்கு உள்ளே விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் ஒட்டாமல் வெறுமனே இறக்கி, சுற்றிலும் மண்தூளையும் சிறிது புல்லையும் தூவி மறைத்தால் போதும், வேண்டும்போது அப்படியே தூக்கி எடுக்கலாம். விளக்கு வைப்பவர்கள் ஃபோம் போர்டின் உள்முகத்தைக் கறுப்பாகப் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் செதுக்கிய சந்துகளின் வழியே சுவர் முழுவதும் ஒளிரும்.